குட்டியின் நெஞ்சுக்குள் ஒரு சத்தம்

என் கணவர் டிரைலர் லாரி ஓட்டுகிறவர். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. சில தடவை ஒரே நாளில் வந்துவிடுவார். சில தடவை சாலையோரம் நிற்கும் வண்டி வரிசையிலேயே இரண்டு நாள், மூன்று நாள் போய்விடும். வரும்போது அழுக்குத் துணி மூட்டையும் காலித் தண்ணீர்க் கேனும் கொண்டுவருவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மூட்டைக்குள் ஒரு நாய்க்குட்டி இருந்தது.

பழைய லுங்கியைப் பிரித்தால் உள்ளே ஒரு உள்ளங்கை அளவுக்குச் சுருண்டு கிடந்தது. செம்மண் நிறம். முன்னங்கால் ஒன்று மட்டும் சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி வெள்ளை. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கிற கண்ணாக இல்லை.

“இன்னாயா இது?” என்றேன்.

“ஆத்தாக்காரி செத்துட்ச்சி. கன்டெய்னர் யார்டுல வண்டில மாட்டிகிச்சி. கூடப் பொறந்தது ரெண்டும் அதோட போய்ட்ச்சி. இது ஒண்ணுதான் கீது.”

“யார் வண்டி?”

“யாரோ.”

அவ்வளவு சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். சாதாரணமாக வீட்டுக்கு வந்ததும் முதலில் டீ கேட்கிறவர். அன்றைக்கு வெகுநேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் போர்ஷன். ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. நாய் வளர்க்கிற வீடே இல்லை. அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என் மகள் அதற்குள் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் “நைனா, பேர் இன்னா வெக்கலாம்?” என்று ஆரம்பித்துவிட்டாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, “மொதல்ல பொழைக்கட்டும். அப்பால வெச்சிக்கலாம்” என்றார். அதனால் கடைசிவரை அது எங்களுக்குக் குட்டிதான்.

பால் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. தெருமுனை மெடிக்கலில் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்று வாங்கிவந்தேன். பாக்கெட் பாலில் பாதி தண்ணீர் ஊற்றி வெதுவெதுப்பாக ஆற்றினேன். என் மகளுக்குக் கைக்குழந்தையில் எப்படிக் கொடுத்தேனோ அப்படியே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குட்டியை மடியில் மல்லாத்தி, தலையை முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டு, வாயோரமாக மெல்லச் செலுத்தினேன். அது நாலு காலையும் மேலே தூக்கி உதறியது. பசியில் துடிக்கிறது என்று நினைத்தேன். முதல் தடவை பால் உள்ளே போனதும் அதன் வயிறு சின்னப் பந்து மாதிரி உருண்டு நின்றது. என்னமோ ஒரு பெருமை எனக்கு. பதினாறு வருடம் கழித்து மறுபடி ஒரு சின்ன உயிர் என் கையில் வயிறு நிறைந்து தூங்குகிறது என்று.

திங்கள் காலை அவர் வண்டிக்குப் போய்விட்டார். நான் ராயபுரத்தில் ஒரு சரக்கு ஏற்றுமதி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கணினி முன்னால் உட்கார்ந்து கன்டெய்னர் எண்களைத் தட்டுகிற வேலை. மகளுக்குக் காலாண்டு விடுமுறை என்பதால் பகல் முழுதும் அவள் பார்த்துக்கொண்டாள். நான் எப்படிக் கொடுத்தேனோ அதைப் பார்த்து அவளும் அப்படியே கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இருமல் என்று சொல்ல முடியாது. தும்மலும் இல்லை. இளநீர் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை உறிஞ்சினால் அடியில் ஒரு கரகரப்பு வருமே, முதலில் அப்படி ஒன்று. அப்புறம் கழுத்தை முன்னால் நீட்டி, முதுகை வளைத்து, ‘ஹக்... ஹக்...’ என்று இரண்டு தடவை. கடைசியில் மூக்கில் ஒரு சின்னக் குமிழி. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி என் புடவைத் தலைப்பைத் தேடி வந்து நக்கியது.

“காலைலேந்து இப்டித்தாம்மா” என்றாள் மகள். “ஒனக்கு ஃபோன் பண்ணலாம்னு பாத்தேன். அதுக்குள்ள தூங்கிட்ச்சி.”

தொண்டை காய்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இன்னும் இரண்டு சிரிஞ்சு பால் கொடுத்தேன்.

கீழ்வீட்டு அக்கா காசிமேட்டில் விடியற்காலை மீன் எடுத்துவந்து எங்கள் தெருவில் விற்கிறவர். யார் வீட்டில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் வந்து நிற்பார். மறுநாள் காலை மாடியேறி வந்து குட்டியின் வாயை இரண்டு விரலால் பிளந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“முள்ளு ஏதாச்சும் மாட்டிகினு கீதா?”

“மீனே குடுக்கலயேக்கா. பால்தான்.”

“அப்டின்னா ஜல்பு. நெஞ்சுல கட்டிகினு கீது, கேளு.” குட்டியைத் தன் காதோரம் வைத்துக்கொண்டார். பிறகு என் காதோரம் வைத்தார். அதன் விலாவுக்குள் மெல்லிய நொறுநொறுப்பு கேட்டது. காலடியில் காய்ந்த சருகு மிதிபடுகிற மாதிரி. அது ஜல்புதானா, எல்லா நாய்க்குட்டிக்கும் நெஞ்சு அப்படித்தான் கேட்குமா, எனக்குத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குட்டி இல்லை. அதன் கூடப் பிறந்தவை செத்துப்போயிருந்தன.

தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி திருச்செந்தூர் பக்கத்துக்காரர். பால் பாக்கெட் வாங்கப் போன இடத்தில் அவரிடமும் சொன்னேன். சத்தத்தை வாயால் சொல்லிக்காட்ட வேண்டியிருந்தது. கடையில் நாலு பேர் நிற்க, நான் கழுத்தை நீட்டி ‘ஹக், ஹக்’ என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

“கக்குவானா இருக்கும்லா தங்கச்சி” என்றார் அண்ணாச்சி. “எங்க ஊர்ல ஆட்டுக்குட்டிக்கு இப்படி வரும். கொஞ்சம் துளசிச்சாறு தேன்ல கொழைச்சு நாக்குல தடவிப் பாரேன்.”

தடவினேன். மெடிக்கலில் குழந்தைகளுக்கான இருமல் மருந்து ஒன்றும் வாங்கிவந்தேன். மகள்தான் அந்தப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். மனுஷக் குழந்தையின் மருந்து நாய்க்கு விஷமாகலாம் என்று ஃபோனில் படித்தாளாம். நல்லவேளை என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. “நீ டாக்டரா?” என்று கத்தினேன்.

அன்று சாயங்காலம் காற்றில் நெடி வந்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் சில நாள் அழுகின முட்டை மாதிரி, சில நாள் மூக்கின் உள்ளே ஊசி குத்துகிற மாதிரி. எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் ஒவ்வொரு பக்கம் கையைக் காட்டுவார்கள். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தோம். மகளுக்குக் கண் எரிந்தது. குட்டி அன்றைக்குத்தான் அதிகமாக இரைத்தது. பக்கவாட்டில் படுத்து, வயிறு உள்ளே போய்ப் போய் வந்தது.

கீழ்வீட்டு அக்கா படியிலிருந்தே குரல் கொடுத்தார். “நமக்கே மூச்சு முட்டிகினு கீது. அது இன்னா பண்ணும் பாவம்? வூட்ட காலி பண்ணிகினு போவ முடியுமா நாம?”

எனக்கு அப்போது அதுதான் காரணம் என்று உறுதியாகிவிட்டது. காற்றுதான். காற்று என்றால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த நினைப்பில் பயம் இருந்தது, கொஞ்சம் ஆறுதலும் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடு, ஒரு சண்டைச் சேவல், காலில் கட்டுப்போட்ட ஒரு பசுமாடு. டாக்டர் இளவயசுப் பெண். பொறுமையானவர். குட்டியை மேஜைமேல் வைத்ததும் அது நிமிர்ந்து நின்றது. வாலை ஆட்டியது. டாக்டரின் விரலைச் சப்பியது. கால்மணி நேரம் காத்திருந்தோம். ஒரு சத்தம், ஒரு தும்மல்கூட இல்லை.

“எப்படி இருமுது, சொல்லுங்க” என்றார் டாக்டர்.

நான் மறுபடியும் செய்துகாட்டினேன். என் மகளும் அவள் பங்குக்குச் செய்தாள். இருவரும் செய்தது வேறு வேறு மாதிரி இருந்தது. “நீ செய்றது தும்மல் மாதிரி கீது” என்று நான் சொல்ல, “நீதாம்மா தப்பா செய்ற” என்று அவள் சொல்ல, டாக்டர் முகத்தில் களைப்பு தெரிந்தது.

ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். வெளியே ஒரு ஆடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. “கொஞ்சம் கரகரப்பு இருக்கு. காய்ச்சல் லேசா இருக்கு. இவ்வளவு சின்னக் குட்டிக்குப் பூச்சியாலயும் வரலாம், சளியாலயும் வரலாம்” என்று சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். “என்ன குடுக்கறீங்க?” என்று கேட்டார். “பால்” என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிளம்பும்போது, “இருமும்போது வீடியோ எடுத்துட்டு வாங்க. அதைப் பார்த்தா நிறைய தெரியும்” என்றார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். சுங்கச்சாவடி தாண்டுவதற்குள் பெட்டிக்குள் ‘ஹக்’ என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மகள் ஃபோனில் நாய் இருமும் வீடியோக்களைத் தேடி ஒவ்வொன்றாகப் போட்டாள். வாத்து கத்துகிற மாதிரி ஒரு இருமல். மூச்சை உள்ளே இழுத்து உறுமுகிற ஒன்று. எங்கோ ஒரு பெரிய வீட்டில், சோபாவில் படுத்திருக்கும் கொழுத்த நாயின் இருமல். “இதாம்மா?” “இல்ல.” “இது?” “கொஞ்சம் கிட்ட கீது, ஆனா இல்ல.” குட்டி தலையைச் சாய்த்து ஃபோனையே பார்த்தது. இத்தனை நாயின் குரலை அது அதுவரை கேட்டதில்லை. ஃபோனுக்குப் பக்கத்தில் போய் அதை முகர்ந்து, நக்கி, அதன்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. மகள் வீடியோவை நிறுத்திவிட்டாள்.

அன்று மத்தியானம் என் கணவர் ஃபோன் செய்தார். திங்கட்கிழமையிலிருந்து ஒருநாளைக்கு நாலைந்து தடவை செய்துகொண்டிருந்தார். மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட இத்தனை தடவை விசாரித்ததில்லை. அது எனக்கு வித்தியாசமாகத்தான் இருந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். எதிர்முனையில் வண்டிகளின் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

“இன்னாயா, கேக்குதா?”

“நான்தாம்மே” என்றார்.

“இன்னா?”

“என் வண்டிதாம்மே. நான்தான் ரிவர்ஸ் எட்த்தேன்.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அவர் நிறுத்தாமல் பேசினார். “அது நம்ம வண்டிக் கீயதான் எப்பவும் பட்த்துகினு இருக்கும். நான்தான் பன்னு போடுவேன். ஆரன் அட்ச்சா எய்ந்து போய்டும். தெனமும் போவும். அன்னிக்கும் அட்ச்சேன். எய்ந்துக்கல. குட்டிங்க பால் குட்ச்சிகினு இருந்துச்சிங்க போல, அதான் எய்ந்துக்கல. கண்ணாடில பாத்தேன்மே, ஒண்ணியும் தெரில.”

இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறார். ஒரு சைக்கிளைக்கூட இடித்ததில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். “சோறு துன்னியா?” என்று கேட்டேன்.

“ம்” என்றார். அப்புறம், “அது பொழைச்சிக்குமா?” என்றார்.

“மருந்து குட்த்து கீறாங்க. சரியாய்டும்” என்றேன். 

அன்று சாயங்காலத்திலிருந்து நானும் மகளும் வீடியோவுக்காகக் காத்திருந்தோம். இருமல் ஆரம்பித்ததும் ஃபோனை எடுத்தால், கேமரா திறப்பதற்குள் அது முடிந்துவிடும். கடைசியில் மகள் ஒரு யோசனை செய்தாள். பால் குடித்த கொஞ்ச நேரத்தில்தான் பெரும்பாலும் வருகிறது என்று அவள் கவனித்திருந்தாள். அதனால் நான் பால் கொடுக்க உட்காரும்போதே கேமராவை ஓடவிட்டு, ஃபோனை அரிசி டின்மேல் சாய்த்துவைத்தாள். அந்தத் தடவை கிடைத்தது. சத்தம், வளைகிற முதுகு, மூக்கில் வெள்ளைக் குமிழி எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. எங்களுக்குச் சந்தோஷம். எதையோ பிடித்துவிட்டோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

வியாழன் காலை டாக்டர் அந்த வீடியோவை வாங்கிப் பார்த்தார். இருமல் வரும் இடத்தை மகள் நகர்த்திக் காட்டப் போனாள். “இருங்க, முதல்லேந்து பார்க்கறேன்” என்றார். சில நொடிகளில் வீடியோவை நிறுத்தினார். திரையில் என் மடி தெரிந்தது. அதில் குட்டி மல்லாந்து கிடந்தது.

“இது யாரு?”

“நான்தான் மேடம்.”

“எப்பவும் இப்படித்தான் பால் குடுக்கறீங்களா?”

“ஆமா மேடம். கைக்கொழந்தைக்குக் குடுக்கற மாதிரி...”

அவர் ஃபோனை மேஜைமேல் வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் சொன்னார். “நாய்க்குட்டியை மல்லாத்திக் குடுக்கக்கூடாதும்மா. அது தாய்கிட்ட எப்படிக் குடிக்கும்? குப்புற, வயிறு தரையில, தலை கொஞ்சம் தூக்கி. மல்லாத்திச் சிரிஞ்சுல குடுத்தா பால் பாதி நுரையீரலுக்குத்தான் போகும். அதுதான் இந்தச் சத்தம். மூக்குல வர்றது சளி இல்ல. பால்.”

என் மகள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த ரேபிஸ் போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கொடுத்திருக்கிறாள். நான் காட்டிக்கொடுத்த மாதிரியே.

பெரம்பூரில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்தோம். விலா எலும்புகள் தீக்குச்சி மாதிரி வரிசையாக இருந்தன. கருப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வலதுபக்கம் கீழ்ப்பாதி பஞ்சு அடைத்தது போல் வெள்ளையாக இருந்தது. அதற்கு நான் டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளை என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதன்பிறகு மூன்று நாள். ஊசி தினமும் காலையில். குட்டியைக் குப்புறப் பிடித்துத் துளித்துளியாக, ஒவ்வொரு துளியையும் அது விழுங்கியதா என்று பார்த்துப் பார்த்து. ஒவ்வொரு தடவையும் கொடுக்கவே பயமாக இருந்தது, கொடுக்காமலும் இருக்க முடியாது. தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் கடிகாரத்தைப் பார்க்க, மகள் எண்ணுவாள். அறுபதைத் தாண்டும்போது அவள் குரல் தாழ்ந்துபோகும். கீழ்வீட்டு அக்கா தன் பேத்திக்கு வாங்கிய ஆவி பிடிக்கும் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். அதிலிருந்து வரும் ஆவியைப் பெட்டிக்குள் விட்டு, மேலே துண்டு போட்டு மூடினோம். பிறகு டாக்டர் காட்டியபடி விலாவில் கையைக் குவித்து மெல்லத் தட்டினோம்.

நான் செய்ததை அக்காவிடம் சொன்னேன். அவர், “நானா இருந்தாலும் அப்டித்தான் குட்த்திருப்பேன். நமக்கு இன்னா தெரியும்?” என்றார். என் மனசைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். தேறவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது பெட்டியிலிருந்து தானாக வெளியே வந்தது. தள்ளாடித் தள்ளாடி வாசல்வரை நடந்து, என் செருப்பின் வாரைக் கடித்து இழுத்தது. மகள் கைதட்டினாள். நான் உடனே கணவருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அவர் சிரிப்பது கேட்டது. பக்கத்தில் இருந்த யாரிடமோ “நட்க்குதாம்” என்று சொல்வதும் கேட்டது. பாலைப் பற்றி அப்போதும் அவரிடம் சொல்லவில்லை. ஓட்டுகிற மனுஷனிடம் எதற்கு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஊசி போட்டு வந்த பிறகு அது எதையும் விழுங்கவில்லை. துளி வாயோரமாக வழிந்தது. ஈறு சாம்பல் நிறமாகியிருந்தது. மருந்தகத்துக்கு ஃபோன் செய்தோம், யாரும் எடுக்கவில்லை. பெரம்பூர் போகலாம் என்று மகள் ஆட்டோ பிடிக்கக் கீழே இறங்கி ஓடினாள். நான் குட்டியை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஹாலில் நின்றேன். அந்தச் சத்தம் நிற்காமல் வந்தது. கரகரப்பு, ஒரு இழுப்பு, கரகரப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் அதன் வாய் திறந்தது. என்னால் செய்ய முடிந்தது பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான். பிறகு சத்தம் நின்றது. நின்றதும் ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். அந்த ஒரு கணத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசும்.

கீழே ஆட்டோவின் ஹாரன் கேட்டது. ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் ஆட்டினேன். மகளுக்குப் புரிந்துவிட்டது. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

புதைக்க இடமில்லை. எங்கள் தெரு முழுக்கச் சிமெண்ட். கடற்கரை என்று பெயர்தான், அலை தடுக்கக் கொட்டிய பாறைகள்தான் வரிசையாகக் கிடக்கின்றன. ரயில்வே லைன் ஓரம் போகலாமென்றால் குப்பை. குட்டியைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நானும் மகளும் வெயிலில் அங்கேயும் இங்கேயும் போய்வந்தோம். கடைசியில் கீழ்வீட்டு அக்கா எங்களை வலை பின்னும் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனார். அங்கே ஒரு பூவரச மரத்தடியில் கொஞ்சம் மணல் மிச்சம் இருந்தது. அக்காவே தோண்டினார். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், “இன்னும் ஆயமா தோண்டுங்க, தெருநாய் இஸ்துட்டுப் பூடும்” என்று சொல்லிவிட்டு, எழுந்துவந்து தன் கையாலேயே ஒரு கல்லை உருட்டி மேலே வைத்தார்.

என் கணவரிடம் அன்றைக்கும் சொல்லவில்லை. இரண்டு தடவை ஃபோன் வந்தது. முதல் தடவை “தூங்குது” என்றேன். இரண்டாவது தடவை எடுக்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தார். கையில் மூட்டை இல்லை. ஒரு பிளாஸ்டிக் கவர்தான். கதவு திறந்ததும், “இங்க பாருமே, நாய்க்குட்டிக்குன்னே விக்கிறாங்க” என்று ஒரு பால்மாவு டின்னையும் விரலளவு ரப்பர் காம்பு வைத்த சின்னப் பாட்டிலையும் எடுத்துக்காட்டினார். வரும் வழியில் டவுனுக்குள் போய் வாங்கியிருக்கிறார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் பெட்டி இருந்த மூலையைப் பார்த்தார். அங்கே துடைத்த ஈரம் மட்டும் இருந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எப்படி மல்லாத்திக் கொடுத்தேன், சத்தம் வந்தபோது இன்னும் கொடுத்தேன், எக்ஸ்ரேயில் வெள்ளை, சத்தம் நின்றபோது என்ன நினைத்தேன், ஒன்றையும் விடவில்லை. அவர் டின்னைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“பழிய உன் மேல போட்டுக்காதமே” என்றார் ஒரு வழியாக. “ஆத்தா இருந்திருந்தா உன் கைக்கு வந்திருக்குமா அது?”

“ஆத்தாவ வேணும்னேவா கொன்ன நீ?”

“நீ மட்டும் வேணும்னேவா பண்ண?”

அவர் டின்னைத் தரையில் வைத்துவிட்டு, “எங்க பொதைச்சீங்க?” என்று கேட்டார். மகள் அறையைவிட்டு வெளியே வந்து, “வா நைனா” என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பிவந்து சோறு கேட்டார். மீன்குழம்பு ஊற்றிக்கொண்டு பாதியில் எழுந்துவிட்டார். மறுநாள் வண்டிக்குப் போய்விட்டார். 

ஒரு மாதம் கழித்து அந்த டின்னைப் பிரிக்காமல் மருந்தகத்துக்கு எடுத்துப்போனேன். யாருக்காவது ஆகும் என்று. டாக்டர் வாங்கி அலமாரியில் வைத்தார். குட்டி இறந்தது அவருக்கு அன்றைக்கே தெரியும், மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். நான் போகாமல் நின்றேன்.

“மேடம், நான் ஒழுங்கா குடுத்திருந்தா பொழைச்சிருக்குமா?”

அவர் உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எது சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “தெரியலம்மா. தாய் இல்லாம, அந்த வயசுல, எதுவும் சொல்ல முடியாது. பொழைச்சிருக்கலாம். வேற ஏதாவது வந்தும் போயிருக்கலாம்.”

வெளியே ஒரு ஆட்டுக்காரர் கூப்பிட்டார். டாக்டர் போனார். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. ராயபுரம் பஸ் பிடித்தேன்.